ஒடுக்கு விழுந்த சருவம்

அடுத்த வியாழக்கிழமை ஹர்த்தால் என்று செய்தி வந்தபோது, திருவனந்தபுரத்தில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் திவ்யலட்சுமியாகத்தான் இருக்க வேண்டும். யார் அழைத்தார்கள், எதற்கு அழைத்தார்கள் என்பதையெல்லாம் அவள் பார்க்கவில்லை. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை கடை இல்லை, பஸ் இல்லை, ஆட்டோ இல்லை என்ற வரியை மட்டும் படித்தாள். ஸ்டாஃப் ரூமில் மற்ற டீச்சர்கள் பாலும் காய்கறியும் முன்கூட்டியே வாங்கி வைப்பதைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொண்டிருக்க, இவள் வராந்தாவுக்கு ஓடிப்போய் ஒலிப்பதிவாளன் சஜிக்குப் போன் போட்டாள்.

"சஜி, பாத்தியா? வியாழக்கிழம."

"பாத்தேன் சேச்சி. மைக் நாலும் தொடச்சு வச்சாச்சு. இனி அவங்க மனசு மாறி ஹர்த்தால பின்வலிக்காம இருந்தா போதும்."

இருவரும் சிரித்தார்கள். ஊரே முடங்கப் போகிற நாளுக்காக இப்படிச் சிரிப்பது நியாயமில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் நான்கு மாதமாக அவள் தேடியது ஒரு பகல் நேர அமைதியை. அது காசு கொடுத்தும் கிடைக்கவில்லை.

திவ்யலட்சுமி தாளவாத்தியம் வாசிப்பவள். உடனே மிருதங்கம், செண்டை என்று நினைத்துவிட வேண்டாம். மேல்நாட்டுச் செவ்வியல் முறையில் இன்றைக்குப் புதிதாக எழுதப்படுகிற இசையை, டிரம், மரப்பலகை, மண் பூந்தொட்டி, லாரியின் பிரேக் டிரம், பித்தளைப் பாத்திரம் என்று மேடை நிறையப் பரப்பி வைத்துக்கொண்டு, தன்னந்தனியாக நின்று வாசிப்பாள். பாட்டு கிடையாது, வயலின் கிடையாது, கூட ஒருவரும் கிடையாது. முதல் கச்சேரியில் முக்கால் மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க வாசித்து முடித்து அவள் கும்பிட்டபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, "செட்டிங் எல்லாம் முடிஞ்சுதில்லா மோளே, பாட்டுக்காரங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டார். அதை அவள் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் பிறந்ததே சத்தத்தின் நடுவில்தான். ஆரியசாலையில் அவர்களுடைய பாத்திரக்கடை இருக்கிறது. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து அவளுடைய அப்பா தொடங்கியது. கடைக்குப் பின்னால் வீடு. பாத்திரம் வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் விரலை மடக்கி ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் நல்ல பாத்திரம், கரகர என்றால் கீறல். நாள் முழுக்கக் கேட்கிற அந்தத் தட்டுதான் அவளுக்கு முதல் பாடம். எட்டாம் வகுப்பில் பள்ளி பாண்டு வாத்தியத்தில் சைடு டிரம் கிடைத்தது. பி.காம். படித்தாள், ஒரு ஆடிட்டர் ஆபீசில் கொஞ்ச காலம் கூட்டிக் கழித்தாள், பிடிக்காமல் வெளியே வந்து பள்ளிக்கூடத்தில் பாண்டு சொல்லிக் கொடுக்கப் போனாள். மேல்நாட்டு இசைக்குறிப்பு வாசிக்கக் கற்றுக்கொண்டு தேர்வுகள் எழுதினாள். ஒருநாள் இணையத்தில் எங்கோ ஒரு பெண் வெறும் பூந்தொட்டிகளை வைத்துத் தனியாக வாசிப்பதைப் பார்த்தாள். அன்றோடு அவள் கதை முடிந்தது. வீட்டில் இருந்த பூந்தொட்டிகளின் கதையும் முடிந்தது.

கடையை இப்போது நடத்துவது அவளுடைய அண்ணன் சிவதாணு, அவளைவிட எட்டு வயது மூத்தவர். வாய் ஓயாத மனிதர். ஒரு அண்டாவை விற்பதற்குள் வாங்குகிறவரின் மூன்று தலைமுறையை விசாரித்துவிடுவார். தங்கை என்றால் உயிர்தான். ஆனால் அவள் செய்கிற வேலையை என்ன பெயர் சொல்லி வெளியே சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கல்யாண வீடுகளில் யாராவது, "தங்கச்சி என்ன செய்யா?" என்று கேட்டால், "ஸ்கூல்ல டீச்சர்" என்பார். "என்ன பாடம்?" என்று விடாமல் கேட்டால், "கணக்கு" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நடந்துவிடுவார். அவளுடைய கச்சேரி ஒன்றுக்குக்கூட அவர் வந்ததில்லை. பாத்திரம் சமைக்க, பாத்திரம் சீர் வைக்க, அதைப் போய் மேடையில் தட்டுவானேன் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சிக்காரர் கடையிலிருந்துதான் அவளுக்கு ஏழு பாத்திரம் கிடைத்தது. கொச்சியில் இருந்துகொண்டு புதிய இசை எழுதுகிற ரெம்யா, திவ்யலட்சுமிக்கென்றே ஒரு தனி வாசிப்பு எழுதத் தொடங்கியபோது, கேட்ட முதல் கேள்வி, "சேச்சி வளர்ந்த சத்தம் எது?" என்பது. இவள் ரெம்யாவைக் கடைக்கே கூட்டிப்போனாள். இருவரும் ஒரு நாள் முழுக்கத் தட்டித் தட்டி ஏழு பித்தளைப் பாத்திரங்களைப் பொறுக்கினார்கள். ரெம்யா எழுதிய உருப்படிக்குப் பெயரும் 'ஏழு வாய்' என்றே வந்தது.

ஏழில் ஏழாவதுதான் பெரிய வாய் வைத்த அந்தச் சருவம். அந்தக் காலத்தில் சிவதாணு இளந்தாரியாக இருந்தபோது மச்சிலிருந்து கை நிறையப் பாத்திரம் இறக்கிக்கொண்டு வருகையில் படியில் நழுவவிட்டு, இடுப்பில் பெரிய ஒடுக்கு விழுந்த சருவம் அது. அதற்காக அவர் அப்பாவிடம் வாங்கிய அறை குடும்பத்தில் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற சங்கதி. விற்கவும் முடியாமல் உருக்கவும் மனமில்லாமல் மூலையில் கிடந்தது. ஆனால் அதன் சத்தம் வேறு எந்தப் பாத்திரத்துக்கும் வராது. மற்றவை ணங் என்று ஒன்றாகச் சொல்லி நிறுத்திவிடும். இது நல்ல பக்கம் ஒன்று சொல்ல, நசுங்கின பக்கம் ஒன்று சொல்ல, இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வூம், வூம் என்று அலை அலையாக நடந்துபோய் வெகுநேரம் கழித்துத்தான் அடங்கும். 'ஏழு வாய்' முடிவதே அந்தச் சத்தத்தில்தான். சருவத்தின் மேல் ஒரே ஒரு அடி. அதற்குப் பிறகு வாசிப்பவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கடைசி வரியில் ரெம்யா, 'தானாக அடங்கும்வரை காத்திருக்கவும்' என்று எழுதியிருந்தாள்.

ஜெர்மனியில் ஒரு சிறிய இசைத்தட்டு நிறுவனம் புதிய தாளவாத்திய உருப்படிகளைத் தொகுத்து வெளியிடப் போகிறது. ஹர்த்தால் வருகிற அந்த வார இறுதிக்குள் ஒலிப்பதிவை அனுப்பினால் 'ஏழு வாய்'க்கு இடம் உண்டு, இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. சஜியின் ஸ்டுடியோவில் முயன்றார்கள். பஞ்சு வைத்த சுவர்கள் சருவத்தின் அலையைப் பாதியில் விழுங்கின. கல்லாற்றில் ஒரு விடுதியின் பெரிய கூடத்துக்குப் போனார்கள். ஊர் அமைதிதான், ஆனால் ஆறு சும்மா இருக்கவில்லை. கடைசியில் எல்லாவற்றுக்கும் பொருத்தமான இடம் கடைக்கு எதிரிலேயே இருந்தது. வியாபாரிகள் சங்கத்தின் மாடி மண்டபம், தேக்கு மச்சு, சிவப்புத் தரை. கை தட்டினால் சத்தம் மெதுவாக மேலே ஏறித் திரும்பி வரும். ஆனால் கீழே ஆரியசாலைத் தெரு. லாரி, சுமட்டுத் தொழிலாளிகள், கை வண்டி, ஹாரன். ஞாயிற்றுக்கிழமையிலும் லோடு இறங்கும். அந்தத் தெரு வாயை மூட வேண்டுமென்றால் ஹர்த்தால் ஒன்றுதான் வழி.

ஹர்த்தால் அன்றைக்கு வண்டி பிடிக்க முடியாது என்பதால், திவ்யலட்சுமி திங்கட்கிழமையே டிரம்களை மண்டபத்தில் ஏற்றிவிட்டு, ஏழு பாத்திரங்களையும் அண்ணன் கடையில் கொண்டு வைத்தாள்.

"பத்திரம் அண்ணா. ஜெர்மனிக்குப் போறது இதோட சத்தம்தான்."

"நீ போ மக்களே. நான் பாத்துக்கிடுகேன்," என்றார் சிவதாணு.

அவர் அப்படிச் சொன்னதில் ஒரு வேகம் இருந்தது. அதை அவள் அப்போதே கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் தன் வாடகை வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கோட்டையைத் தாண்டி வந்தபோது, ஆரியசாலை இருக்கும் சாலைக் கடைவீதி துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. ஷட்டர் எல்லாம் இறங்கியிருந்தன. நடுத்தெருவில் ஒரு நாய் நிம்மதியாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு அவள் காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றுமே இல்லை. எங்கோ ஒரு வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது கேட்டது, அதையும் மன்னித்தாள். மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி ஏறினாள்.

சஜி நாலு மைக்கையும் நிறுத்தி, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். "சேச்சி, இப்ப நீங்க செருப்பக் கழட்டினது வர எனக்குக் கேட்டுது," என்றான் பரவசமாக.

அப்போதுதான் சிவதாணு வந்தார். சலவை வேட்டி, நெற்றியில் சந்தனம். இரண்டு நடையாகப் பாத்திரங்களைக் கடையிலிருந்து கொண்டுவந்து தரையில் வரிசையாக வைத்தார். ஏழையும் புதுத் துண்டில் பொதிந்திருந்தார். ஒவ்வொரு துண்டாக அவர் உருவ உருவ, சன்னல் வெளிச்சத்தில் பாத்திரங்கள் தங்கமாய் மின்னின. உள்ளே எட்டிப் பார்த்தால் வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"என்னண்ணா இது?"

"ஏழெண்ணத்துக்கும் ஈயம் பூசியாச்சு, வெளியில மெருகு போட்டாச்சு. வடசேரியிலருந்து பட்டறைக்கார ஞானசிகாமணியை வரவழச்சேன்லா. சருவத்துக்கு ஒடுக்கு எடுக்கத்தான் கொஞ்சம் பாடுபட்டுப் போனான். எந்த இடத்துல ஒடுக்கு இருந்துதுன்னு இப்பக் காட்டு பாப்போம்," என்று சருவத்தைச் சுழற்றிக் காட்டினார்.

காட்ட முடியவில்லை. சருவத்தின் இடுப்பு பூசணிக்காய்போல் உருண்டு திரண்டிருந்தது. திவ்யலட்சுமி நூல் சுற்றிய கோலை எடுத்து ஒரு அடி அடித்தாள். ணங் என்றது. அலையே எழவில்லை. இன்னொரு அடி. மறுபடியும் நல்ல பிள்ளையாக ஒரே ஒரு ணங். உள்ளே அப்பின ஈயம் அதன் நீளத்தையும் தின்றிருந்தது. சஜி ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"நல்லாத்தான கேக்கு? முந்தி நசுங்கின சத்தமில்லா," என்றார் சிவதாணு.

"அந்த நசுங்கின சத்தம்தான் அண்ணா எனக்கு வேணும். யாரு உங்ககிட்ட இதெல்லாம் செய்யச் சொன்னா? நாலு மாசமா நாயா அலஞ்சிருக்கேன். ஒரு வார்த்த கேக்கப்படாதா?" அவள் குரல் மண்டபம் முழுக்க ஏறி, தேக்கு மச்சில் பட்டுத் திரும்பி வந்தது. அந்த மண்டபத்தில் எதுவும் சட்டென்று அடங்காது.

சிவதாணுவின் முகம் சுருங்கிப்போயிற்று.  

"ஜெர்மனிக்குப் போற சாதனம்ன்னு சொன்ன. ஒடுக்கும் களிம்புமா நம்ம கடைப் பாத்திரம் போனா நல்லாருக்குமான்னு நெனச்சேன். பொறவு..." வேட்டி முனையால் சருவத்தின் விளிம்பைத் துடைத்தார். "நீ கல்யாணம் வேண்டாம்ன்னுட்ட. சரி, அது ஒன் இஷ்டம். ஊர்ல உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் சீர்ப் பாத்திரம் பேரு வெட்டிக் குடுக்கேன். ஒனக்கு எங் கையால ஒண்ணு தந்ததில்ல. இதாவது தரலாம்ன்னு பாத்தேன்."

விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக, அழகான கையெழுத்தில், திவ்யலட்சுமி என்று வெட்டியிருந்தது. ஏழிலும் வெட்டியிருந்தது. கோபமும் அழுகையும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு. பாத்திரக்கடைக்காரன் ஒருவன் தன் தங்கைக்கு எதையெல்லாம் செய்வானோ அத்தனையையும் அண்ணன் செய்திருக்கிறார். அவள் இசையில் அவர் முதல்முறையாகக் கை வைத்திருக்கிறார். கை வைத்த இடம்தான் சரியில்லை.

ரெம்யாவுக்குப் போன் போட்டார்கள். அவள் ஏழையும் ஒவ்வொன்றாக அடித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். பிறகு, மற்ற ஆறும் மாறியிருந்தாலும் சமாளிக்கலாம், ஏழாவதற்கு அலை இல்லாவிட்டால் உருப்படியே இல்லை, வேறு பாத்திரம் தேடிப் பாருங்கள் என்றாள்.

"இன்னொரு நாள் வச்சுக்கிடலாமே," என்றார் சிவதாணு.

"அடுத்த ஹர்த்தால் எப்பன்னு நீங்க சொல்லுகேளா?" என்று கேட்டாள் திவ்யலட்சுமி.

சருவத்தையும் தூக்கிக்கொண்டு மூவரும் கடைக்கு ஓடினார்கள். வாழ்நாளில் ஒரு ஹர்த்தாலிலும் கடை திறந்திராத சிவதாணு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினார். குனிந்து உள்ளே போய், எடைக்கு வாங்கிப் போட்டிருந்த பழைய பித்தளைக் குவியலை இழுத்துப் போட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் தட்டத் தொடங்கினார்கள். குடம், தவலை, அண்டா, தூக்கு என்று எதுவும் விடவில்லை. ஒன்று கரகரத்தது, ஒன்று செத்த சத்தம் போட்டது, ஒன்றுக்கு அலை இருந்தது, ஆனால் இரண்டு அடி நடந்ததும் படுத்துக்கொண்டது. சிவதாணு ஒவ்வொன்றாகத் தட்டித் தங்கை முகத்தைப் பார்ப்பார். அவள் தலையை ஆட்டுவாள். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். கொஞ்ச நேரத்தில் அவராகவே, "இது ஆகாது, இது நீளம் போறாது," என்று தள்ளத் தொடங்கினார்.

அப்போது ஷட்டருக்கு வெளியே பத்துப் பதினைந்து கால்கள் தெரிந்தன. ஹர்த்தால் ஊர்வலம்.

"என்ன சேட்டா, கட தொறந்தாச்சோ?" என்று ஒரு தலை குனிந்து கேட்டது.

சிவதாணு கையிலிருந்த தவலையோடு எட்டிப் பார்த்தார். "கச்சவடம் இல்ல மக்களே. ஒரு பாத்திரத்துக்குள்ள சத்தத்தத் தேடிக்கிட்டிருக்கோம்," என்றார்.

தலை நம்பாமல் உள்ளே வந்து பார்த்தது. சுற்றிலும் பித்தளை மலை, நடுவில் கோலோடு ஒரு பெண், கழுத்தில் ஹெட்போனோடு ஒருவன். வியாபாரத்தின் எந்த லட்சணமும் அங்கே இல்லை. வந்தவன் பக்கத்தில் இருந்த ஒரு குடத்தை விரலால் தட்டி, "இது போராதோ?" என்று கேட்டான். "போராது," என்று நான்கைந்து குரல்கள் வெளியிலிருந்தே பதில் சொல்லின. சிரித்துக்கொண்டே ஊர்வலம் நகர்ந்தது. ஆனால் அவர்கள் முழக்கம் சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டிருந்ததால் பாத்திரங்களின் சத்தம் சரியாகக் காதில் விழாமல் மதியம் போயிற்று.

குவியல் தீர்ந்தது. எதுவும் அகப்படவில்லை. திவ்யலட்சுமி தரையில் உட்கார்ந்து, மச்சுக்குப் போகிற செங்குத்தான மரப்படியையே பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"அண்ணா, சருவத்த மறுபடியும் இதுல போடுங்க."

"என்னத்த?"

"அன்னைக்குப் போட்டேள்லா. அதே மாதிரி."

"ஏட்டி, ஒடுக்கு விழுந்தத வாங்குவேன், ஒடுக்கு எடுத்து விப்பேன். நானாட்டு ஒரு பாத்திரத்துக்கு ஒடுக்கு போடமாட்டேன். அதுவும் பேரு வெட்டினத." அவர் இரண்டு கையாலும் சருவத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அப்ப நான் போடுகேன்," என்று அதைப் பிடுங்கிக்கொண்டு அவள் படி ஏறினாள். மேலே நின்று கண்ணை மூடிக்கொண்டு அதைக் கீழே விட்டாள். ஆனால் பயந்து, மெதுவாக, வாய் மேலே இருக்கும்படி விட்டாள். சருவம் இரண்டு படி சறுக்கிக் கீழே கிடந்த சாக்கின் மேல் போய் அழகாக உட்கார்ந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

சிவதாணுவுக்குப் பொறுக்கவில்லை. எந்த வேலையானாலும் அரைகுறையாகச் செய்தால் அவருக்கு ஆகாது. "இப்பிடியா போடுகது? தள்ளு," என்று சாக்கைக் காலால் ஒதுக்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சருவத்தோடு மச்சுக்கு ஏறினார். அன்றைக்குப் போலவே கை நிறையப் பாத்திரம் வேண்டும் என்று இன்னும் நாலைந்தை எடுத்து அணைத்துக்கொண்டார். படி திரும்புகிற இடத்தில் வந்து நின்றார். ஒரு நிமிடம் தயங்கி, கடைச் சுவரில் மாலையோடு தொங்குகிற அப்பாவின் படத்தைப் பார்த்தார். அப்புறம் முழங்கையைத் தளர்த்தினார்.

சருவம் தலைகுப்புறப் புறப்பட்டது. படியில் மோதி, சுவரில் மோதி, உருண்டு, கடைசியில் கீழே இருந்த கல் வாசற்படியின் விளிம்பில் டமால் என்று இடுப்பை இடித்துக்கொண்டு நின்றது. பழைய பாத்திரங்களெல்லாம் சேர்ந்து கிணுகிணுத்து ஓய்ந்தன. சிவதாணு மேலே கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

திவ்யலட்சுமி சருவத்தைத் தூக்கினாள். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம். வெட்டின பெயரில் திவ்ய என்பது மட்டும் நேராக இருந்தது, மிச்சம் பள்ளத்துக்குள் சாய்ந்திருந்தது. மூன்று விரலில் தொங்கவிட்டு, கோலால் ஒரு அடி கொடுத்தாள்.

வூ...ம் என்றது. விட்டு, மறுபடி வூ...ம். பழைய சத்தம் அல்ல. அதைவிடக் கீழே இருந்தது. அலை அவசரப்படாமல், ஆற அமர நடந்தது. ஈயம் பூசின வயிற்றுக்குள்ளிருந்து ஒரு கனம் சேர்ந்து வந்தது.  ரெம்யாவுக்குப் போனில் ஒரு தரம் அடித்துக் காட்டினார்கள். அந்தப் பக்கம் ரெம்யா சத்தமாகச் சிரித்தாள். இதுதான், இதுதான், ஓடுங்கள் என்றாள்.

மண்டபத்துக்குத் திரும்பி, மாறிப்போன ஆறு பாத்திரங்களையும் புதிதாகக் கேட்டு இடம் மாற்றி வைத்து, எதற்கு எந்தக் கோல் என்று மறுபடி பார்த்து முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. சஜி நேரத்தைப் பார்த்தான். முழுதாக ஒரு தடவை வாசிக்கலாம், நெருக்கினால் இரண்டு. ஆறு மணிக்குத் தெரு எழுந்துவிடும்.

"நான் போகட்டா?" என்று கேட்டார் சிவதாணு வாசலில் நின்றுகொண்டு.

"இருங்க அண்ணா. ஆனா ஒண்ணும் பேசப்பிடாது."

அவர் போனை அணைத்து, சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டு, சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சஜி கையைத் தூக்கி இறக்கினான்.

அவள் வாசித்தாள். முதலில் பலகைகள், விரல் நுனியில் மழை தொடங்குகிறாற்போல. பிறகு பூந்தொட்டிகள் உள்ளே நுழைந்தன. பிரேக் டிரம் குறுக்கே பேசியது. பெரிய டிரம் தரையோடு சேர்ந்து அதிர, சிவதாணு உட்கார்ந்திருந்த இடமும் அதிர்ந்தது. அவள் கைகள் நாலாகத் தெரிந்தன. ஒரு பக்கம் அடித்துக்கொண்டே மறுபக்கம் கோல் மாற்றினாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், இரண்டு எட்டில் வரிசையின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினாள். இத்தனை வருடம் விரலால் தட்டி விலை சொன்ன பாத்திரங்கள் ஒன்றோடொன்று வாக்குவாதம் செய்வதையும், ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுப்பதையும், எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் ஓடுவதையும் சிவதாணு வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் தங்கை இதைத்தான் செய்கிறாள் என்பது அவருக்கு இதுவரை தெரியாது. வந்து பார்த்திருந்தால்தானே தெரியும்.

எல்லாம் சட்டென்று நின்றது. அவள் பெரிய கோலை எடுத்துச் சருவத்தின் மேல் ஒரே ஒரு அடி அடித்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

வூ...ம். சத்தம் மேலே ஏறித் தேக்கு மச்சைத் தொட்டு இறங்கியது. வூ...ம். மெதுவாக, மெதுவாக, மண்டபத்தைச் சுற்றி நடந்தது. முக்கால்வாசி அடங்கி, நூலாக மெலிந்து, இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தபோது, சுவரோரத்திலிருந்து ஒரு குரல் தனக்குத்தானே, தாழ்வாக, "நல்லாருக்கு மக்களே," என்றது.

சத்தம் அதற்குப் பிறகும் இரண்டு அலை நடந்துதான் அடங்கியது. சிவதாணு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சஜி கண்ணை இறுக மூடியிருந்தான். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. திவ்யலட்சுமி வேர்வையைத் துடைத்துவிட்டு, "இன்னொரு டேக்," என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது தடவை இன்னும் வேகமாக, இன்னும் துணிச்சலாகப் போயிற்று. பாதி தாண்டி, பாத்திரங்களுக்கு வந்தபோது, கீழே ஒரு லாரி உறுமியது. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஷட்டர் ஒன்று தடதடவென்று ஏறியது, பிறகு இன்னொன்று, பிறகு தெரு முழுவதும். மணி ஆறு. அவள் கோல்களைக் கீழே வைத்தாள்.

சிவதாணு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "ரெண்டு தடவ ஒன் காரியத்தக் கெடுத்துட்டேன்," என்றார்.

"அது ப்ரஸ்னமில்ல," என்றான் சஜி. "அந்த வாய்ஸ நான் அழிச்சுத் தரலாம். கடைசில கொஞ்சம் சத்தம் கொறயும், அவ்வளவுதான். ஜெர்மன்காரங்களுக்குத் தெரியாது."

திவ்யலட்சுமி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு முதல் டேக்கின் முடிவைக் கேட்டாள். ஒரு தடவை கேட்டாள், இன்னொரு தடவையும் கேட்டாள். பிறகு அதைக் கழற்றி அண்ணன் காதில் மாட்டிவிட்டாள். சருவம் ஒலித்தது, நடந்தது, மெலிந்தது. அதன் நடுவில் அவருடைய குரலே, பள்ளத்தில் விழுந்த பெயரைப்போல் கொஞ்சம் கோணலாக, அவரிடமே சொன்னது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வெட்டச் சொல்லு மக்களே. அவங்கல்லாம் கேட்டா என்ன நெனப்பாங்க?"

"வேண்டாம் அண்ணா. அப்பிடியே போகட்டும்," என்றாள் அவள். "ஒடுக்கு எடுத்ததெல்லாம் போதும்."